பந்து முதலில், மண் பிறகு

இளவழகன் கோல்ஃப் பழகுகிறான் என்று ஊருக்குள் முதலில் சொன்னது நான்தான். டீக்கடையில் வைத்துச் சொன்னேன். "வெண்ணாத்துக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று சிரித்தார்கள். சம்பந்தம் இருந்தது. அவன் என் தங்கை செம்மொழியைக் கட்டியவன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை ஆனான், ஆனாலும் எங்களுக்குள் வாடா போடாதான். என் பெயர் துரைராசு. அறுப்பு மெஷின் ஓட்டுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். யார் மேல் என்றுதான் சரியாகத் தெரியவில்லை.

அவனை அனுப்பிய ஏஜென்ட் தோட்ட வேலை என்று சொல்லித்தான் அனுப்பினான். அதில் பொய் இல்லை. துபாய்க்கு வெளியே, மணல் காட்டுக்கு நடுவே, தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்து வைத்திருந்த கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்லைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே ஆடுகிறவர்கள் இரும்பு மட்டையை வீசிப் பந்தை அடிப்பார்கள். அடி சரியாக விழுந்தால் பந்து கிளம்பிப் போன பிறகு அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு, புல்லும் வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து எகிறும். அந்தச் சில்லைத் தேடி எடுத்து வந்து, குழியில் பொருத்தி, மணலும் விதையும் தூவி, காலால் மிதித்து, அங்கே ஒன்றுமே நடக்காதது போல ஆக்கிவிட வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் இளவழகன் செய்தது அந்த வேலைதான்.

"ஒண்ணும் கஷ்டம் இல்ல மச்சான். அவனுங்க பேத்துட்டுப் போறானுங்க, நாம மூடிட்டுப் போறோம்," என்பான் லீவில் வரும்போது. சில்லை எப்படி எடுப்பது என்று நடித்தும் காட்டுவான். காட்டும்போதே அவன் விரல்கள் நாற்று முடிச்சைப் பிடிக்கிற மாதிரி குவிந்துவிடும். அவனுடைய அம்மா, அம்சம் என்று பெயர், எங்கள் பக்கத்தில் பேர் போன நடவுக்காரி. இப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்ன வயதில் அவன் நாற்றங்காலில் காலை வைத்தால் அவள் அவன் முதுகில் வைப்பாள். "பச்சையை மிதிக்கிறியே, விளங்குவியா" என்று அவள் கத்துவது வாய்க்கால் தாண்டிக் கேட்கும். அவள் கையால் வாங்கிய அடி அவனுக்கு எந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த மைதானத்தில் முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார், அஸார் என்று. புதிதாகப் பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற உதவிப் பயிற்சியாளர். ஊர்ப்பேச்சுக்கு ஏங்கிக் கிடந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டக்காரர்கள் போன பிறகு பழைய ஏழாம் நம்பர் மட்டை ஒன்றை அஸார் இவன் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். ரப்பர் பாய் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். பந்து மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம் வருமாம். "அது காதுல கேக்குறது இல்ல மச்சான், முழங்கையில கேக்குறது," என்பான். அந்தச் சத்தத்துக்காகவே அவன் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழகினான். அஸாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். யாருக்கு எங்கே தப்பு வருகிறது என்று தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டான்.

இங்கே என் தங்கை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வருகிற புருஷனுக்காகக் காத்திருந்தாள். வருவான், இரண்டு மாதம் இருப்பான், போவான். குழந்தை இல்லை. வளைகாப்பு வீடுகளில் வளையல் போட ஒவ்வொருத்தியாகக் கூப்பிடும்போது செம்மொழியைத் தாண்டிப் போவார்கள். அவளும் பந்தி பரிமாறுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விடுவாள். போன தை மாதம் இளவழகன் வந்திருந்தபோது இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். வண்டியோட்டிப் போனது நான். எல்லாப் பரிசோதனையும் முடிந்து அந்த அம்மா சொன்னது இதுதான்: "ரெண்டு பேர்கிட்டயும் குறை இல்ல. ஆனா வயசு போய்க்கிட்டிருக்கு. ஒரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருங்க. அதான் மருந்து." செம்மொழி திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரு என்று நானே சொன்னேன். எங்கள் அப்பா நல்லக்கண்ணு, ஒரு பண்ணையில் ஆளாக இருந்து, கடைசிக் காலத்தில் கோயில் நிலம் கொஞ்சம் குத்தகைக்குப் பிடித்தவர். அதில் பாதியை நீ பார்த்துக்கொள் என்றேன். இளவழகன் தலையை ஆட்டிவிட்டான். "மச்சான் நிலத்துல ஒக்காந்து திங்கிறான்னு ஊரு சொல்லும். அது மட்டும் வேணாம்." எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் சொன்னால் என்ன, ஊரா அவளுக்குப் பிள்ளை பெற்றுத் தரப்போகிறது என்று கேட்டேன். சொந்தச் சம்பாத்தியத்தில் சோறு போட முடியாத இடத்தில் அவனால் உட்கார முடியாது. அது வீம்பு என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் அஸாரிடமிருந்து போன் வந்தது. அவர் முன்பே ஊர் திரும்பி, சென்னைக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே இன்னொரு உதவிப் பயிற்சியாளர் தேவை. குடும்பத்தோடு தங்க மைதானத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையும் சமையல்கட்டும் தருவார்கள். ஆனி பிறக்கிற சமயம் தலைமைப் பயிற்சியாளர் முன்னால் அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தேறினால் செம்மொழியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். தேறாவிட்டால் ஆனி முடிவதற்குள் துபாய்க்குத் திரும்பியாக வேண்டும், மறுபடி இரண்டு வருட ஒப்பந்தம். இளவழகன் லீவை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு பயிற்சியில் இறங்கினான்.

நெல் அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் செம்மொழி என்னைக் கேட்காமலே ஆற்றோரத்து வயலைச் சும்மா போட்டுவிட்டாள். "ஒரு மா நிலத்து உளுந்து போச்சு," என்றேன். "போனாப் போவுது அண்ணே, அவரு எங்க நின்னு அடிப்பாரு," என்றாள். அஸார் கொடுத்த மட்டையை இளவழகன் கையோடு வைத்திருந்தான். காசு கொடுத்து வாங்கிய பழைய பந்துகளை, நடுவில் சிவப்புக் கோடு போட்டவை, ஒரு பெயின்ட் வாளி நிறையக் கொண்டுவந்திருந்தான். முதல் நாள் ஊரில் பாதி வரப்பில் வந்து நின்றது. அவன் மட்டையைச் சுழற்றியதைப் பார்த்து எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பந்து தரையோடு தரையாக ஓடிப் பக்கத்து உளுந்துக்குள் புகுந்தது. அடுத்ததும் அப்படியே. பக்கத்து வயல்காரர் வைத்தியலிங்கம், நிறைய நிலம் உள்ளவர், சிரிக்காமல் கேட்டார்: "என்னப்பா இளவழகா, எலி வேட்டையா?"

அஸாருக்கு போனில் வீடியோ எடுத்து அனுப்பினோம். எடுத்தது நான். அவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ரப்பர் பாயில அடிக்கும்போது நல்லாத்தானே அடிச்சே. தரையில வெச்சா ஏன் பந்தைத் தூக்கிவிடப் பாக்குறே? பந்தை நீ தூக்க வேணாம், மட்டையோட சாய்வு தூக்கிக்கும். நீ கீழ இறங்கு. பந்து முதல்ல, மண்ணு அப்புறம். பந்து இருந்த எடத்துக்கு முன்னாடி மண்ணு பேரணும். நீ மண்ணுக்குப் பயப்படுறே இளவழகா."

அவன் மண்ணுக்குப் பயப்படுகிறான் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் அஸார் சொன்னது சரி. மட்டை தரைக்குப் பக்கத்தில் வரும்போது அவன் தோள் லேசாக எழும்பிவிடும். பாயில் அடித்தால் எதுவும் காயப்படாது, அதனால் அங்கே கை இறங்கியது. தரையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அஸார் போனிலேயே பாடம் சொன்னார். இரண்டு காலையும் ஒட்டிவைத்து அரை வீச்சு வீசு. பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போடு, துண்டில் படாமல் பந்தை அடி. வலது குதிகாலைத் தூக்கிக்கொண்டு இடது காலிலேயே உடம்பை நிறுத்தி அடி. இளவழகன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். வாரக்கணக்கில் என் தோள் துண்டுகள் எல்லாம் அடிபட்டுக் கிழிந்தன. சித்திரை வெயிலில் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி ஆகிவிட்டது. மட்டை தரையில் பட்டால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும். ஏற்கெனவே இறங்காத கை இன்னும் மேலே போயிற்று.

"வயல் வேணாம், ஆத்துக்கு வாங்க," என்று அவனை இறக்கிக்கொண்டு போனது செம்மொழிதான். வெண்ணாறு காய்ந்து மணலாகக் கிடந்தது. அவள் வாசலுக்குக் கோலம் போட்ட மிச்ச மாவைக் கொட்டாங்குச்சியில் எடுத்து வந்து, மணலில் நேராக ஒரு கோடு இழுத்தாள். பந்து இல்லை, கோடு மட்டும். மட்டை கோட்டுக்கு முன்னால் மணலை வாரினால் சரி, பின்னால் வாரினால் தப்பு. இதுவும் அஸார் சொன்ன பாடம்தான், ஆனால் கோலமாவு அவளுடைய யோசனை. அவன் வீசுவான், அவள் குனிந்து தடத்தைப் பார்த்து, "பின்னாடி" என்பாள். மறுபடி வீசுவான். "பின்னாடி." கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதிதாக இழுப்பாள்.

"நடவுக்காரி மகன்ல, பின்னாடியேதான் போவீங்க," என்றாள் ஒரு நாள். நாற்று நடுகிற பெண்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டேதான் நடுவார்கள், அதைச் சொல்லிக் கிண்டல் செய்தாள். இளவழகன் மட்டையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தான். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கரையில் அரச மரத்தடியில் இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி என்றால் எல்லார் வீட்டிலும் சண்டை நடக்கும், சிரிப்பு நடக்கும். இவர்களுக்கு இரண்டுக்குமே நேரம் கிடைத்ததில்லை.

மெல்ல மெல்லத் தடம் கோட்டுக்கு வந்தது, பிறகு கோட்டைத் தாண்டியது. "முன்னாடி," என்று அவள் சொல்கிற குரல் எனக்குக் கரை வரைக்கும் கேட்கும். கோட்டின் மேல் பந்தை வைத்தார்கள். பந்து எழும்பியது. சரியாக அடித்தபோது மணல் பந்துக்குப் பின்னால் போகாமல் முன்னால் விசிறியது. பந்து எதிர்க்கரைப் பக்கம் போய்ப் பொத்தென்று விழும், செம்மொழி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் பொறுக்கி வருவாள். ஆற்றில் பந்து பொறுக்குகிற வயசா இது என்று பார்க்கிறவர்கள் கேட்டார்கள். ரெத்தினம் என்று எங்கள் தெருவில் ஒரு கிழவி, வாயில் நெருப்பை வைத்திருப்பவள், "புள்ளை இல்லாதவ பந்து பொறுக்குறா" என்றே சொன்னாள். செம்மொழி அதையும் காதில் வாங்கிக்கொண்டு பொறுக்கினாள். சென்னையில் அந்த அறை எப்படி இருக்கும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று அஸாரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு தொட்டில் கட்டுகிற அளவுக்கு மேலே கம்பி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டதையும் நான் பார்த்தேன்.

மேட்டூர் திறந்தார்கள், பிறகு கல்லணை திறந்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ தண்ணீர் எங்கள் பக்கம் வந்துவிடும் என்று பேச்சு. நாங்கள் சென்னைக்குப் போக வேண்டியதும் அன்றைக்குச் சாயங்காலம்தான். காலையில் கடைசித் தரமாக ஆற்றுக்குப் போனோம். வாளியில் இருந்ததை எல்லாம் அடித்து முடித்து, கடைசிப் பந்தைக் கோட்டில் வைத்தான். அந்த அடியை என்னால் மறக்க முடியாது. அவன் சொன்ன சத்தம் எனக்கும் கேட்டது. பந்து எதிர்க்கரைக்கு மேலே போய், கரையில் நிற்கிற ஒற்றைப் பனைக்கும் மேலே போய், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. கரைக்கு அந்தப் பக்கம் இருந்ததும் வைத்தியலிங்கத்தின் வயல்தான். போர்வெல் தண்ணீர் உள்ளவர், ஆற்றை எதிர்பார்க்காமல் முன்னாலேயே குறுவை நடவுக்குச் சேறு கலக்கி வைத்திருந்தார். மூன்று பேரும் வரப்பில் அலைந்து தேடினோம், கிடைக்கவில்லை. "போவுது விடுங்க. மத்ததை அங்க போய் அடிங்க," என்றாள் செம்மொழி. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

சென்னை மைதானத்துக்கு வெளியே லாரிகள் போகிற புழுதி ரோடு. உள்ளே நுழைந்ததும் கண் கூசுகிற பச்சை. அஸார் வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்து அழைத்துப் போனார். தலைமைப் பயிற்சியாளர் வயதான மனிதர், தொப்பி போட்டிருந்தார், மரியாதையாகப் பேசினார். மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும், புதிதாக வருகிறவருக்கு எதை முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். இளவழகன் தடுமாறாமல் பதில் சொன்னான். பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த ஒருவருடைய தப்பைச் சொல்லச் சொன்னார், அதையும் சொன்னான். அவர் அஸாரைப் பார்த்துத் தலையாட்டினார். இனி அடித்துக் காட்டினால் முடிந்தது.

பாய் இல்லை. புல்லின் மேல் பந்தை வைத்தார்கள். காலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், நுனியெல்லாம் ஈரம். இளவழகன் பந்துக்குப் பக்கத்தில் நின்று, அடிக்காமல், குனிந்து அந்தப் புல்லை உள்ளங்கையால் தடவினான். அது நாற்றங்காலை நடவுக்காரர்கள் தடவிப் பார்க்கிற தடவல். மணலில் அடித்தபோது எதுவும் சாகவில்லை. காய்ந்த வயலில் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. உயிருள்ள பச்சையை வெட்டச் சொல்லி அவனுக்கு யாரும் பழக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. ஆற்றை விட்டால் வேறு இடம் இல்லை என்று மணலிலேயே பழகிவிட்டோம்.

முதல் பந்து தரையோடு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. "இறங்கு, இறங்கு," என்று அஸார் மெல்லச் சொன்னார். இளவழகன் கண்ணை மூடித் திறந்தான். அடுத்த வீச்சில் கை இறங்கியது. பந்து நேராக எழும்பியது, புல்லோடு ஒரு சில்லு பெயர்ந்து முன்னால் போய் விழுந்தது. அருமையான அடி. தலைமைப் பயிற்சியாளர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பந்தைத்தான் பார்த்தேன். இளவழகன் பந்தைப் பார்க்கவே இல்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, போய், அந்தச் சில்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, குழியில் வைத்து, ஓரங்களை விரலால் அழுத்தி, மிதித்து மூடினான். நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே தெரிந்தது. மூன்று பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அடித்ததில் ஒன்றுகூட எழும்பவில்லை. தலைமைப் பயிற்சியாளர் நிறைய நேரம் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் இளவழகனின் தோளில் கையைப் போட்டு, "உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனா கத்துக்க வர்றவங்க நம்ம கையைப் பாத்துத்தான் கத்துப்பாங்க. நீங்க புல்லை வெட்ட யோசிச்சா அவங்களும் யோசிப்பாங்க," என்றார். அஸார் அழுதுவிட்டார். இளவழகன் அழவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது கேட்பதற்குத்தான் சின்னக் கதை. ரயிலில் திரும்பி வரும்போது அவன் தன் உள்ளங்கையையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தான். அதை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல எனக்கு இருந்தது. அப்புறம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் இறங்கியபோது ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. பெண்கள் படித்துறையில் நின்று பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருந்தார்கள். செம்மொழி அங்கேதான் இருந்தாள், கையில் பூத்தட்டோடு. எங்களைப் பார்த்ததும் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தாள். எங்கள் முகத்திலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாள்.

"என்னாச்சு?"

"புல்லு பச்சையா இருந்துச்சு செம்மொழி," என்றான். "கையி போவல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நடந்ததை நான் சொன்னேன். சில்லை எடுத்து மூடியதைச் சொன்னபோது அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "புல்லுக்கு வலிக்கும்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு வலிக்கும்னு தெரியலையா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வாசலில் கோலம் இல்லை. அவன் கேட்டதற்கு, மாவு தீர்ந்துவிட்டது என்றாள்.

ஆனி முடிவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். இருடா என்று இன்னொரு தரம் கெஞ்சினேன். இந்தத் தடவை அவன் வீம்பு பேசவில்லை. "இருந்தா இவ முகத்த தெனமும் பாக்கணும் மச்சான், என்னால ஆவாது," என்றான். திருச்சி விமான நிலையத்துக்குச் செம்மொழி வரவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "சாப்பாட்டை விட்டுட்டு அடிக்காதீங்க," என்றாள். அவன் அவள் கையைப் பிடித்தான். தெருவில் எல்லாரும் பார்க்க அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம். வாளியும் மட்டையும் மாட்டுக் கொட்டகையில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொள் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான்.

மறுபடி அதே மைதானம், அதே வேலை. யாரோ பேர்த்துப் போட்டதை மூடுகிறான். சாயங்காலம் செம்மொழிக்குப் போன் செய்வான். இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்வார்கள், பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆடியில் வைத்தியலிங்கத்தின் வயலில் களையெடுப்பு நடந்தது. செம்மொழியும் ஆளோடு ஆளாகப் போயிருந்தாள். குறுவை அறுப்புக்கு மெஷின் எப்போது வரும் என்று பேசுவதற்காக நான் அவரோடு வரப்பில் நின்றிருந்தேன். பயிர் நன்றாகப் பிடித்து, தூர் கட்டி நின்றது. ரெத்தினம் கிழவி சேற்றுக்குள் கையை விட்டவள், ஏதோ உருண்டையாக அகப்பட்டதை வெளியே எடுத்தாள். சேற்றை வழித்தாள். வெள்ளைப் பந்து, நடுவில் சிவப்புக் கோடு.

"அடியே செம்மொழி, ஒன் புருஷன் போட்ட முட்டைடி இது," என்றாள் பழக்க தோஷத்தில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு வயலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரெத்தினத்துக்கே முகம் சுண்டிவிட்டது. பந்தை நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

செம்மொழி பயிரின் மேல் கால் படாமல் இடுக்கில் நடந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். வாய்க்காலில் கழுவினாள். நிமிர்ந்து ஆற்றுக் கரையைப் பார்த்தாள், கரையில் நிற்கிற பனையைப் பார்த்தாள், பனையிலிருந்து இந்த இடம் வரைக்கும் கண்ணாலேயே அளந்து வந்தாள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கோடு இழுத்த இடம் அதற்கடியில் எங்கேயோ இருந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "எம்புட்டு தூரம் வந்துருக்கு பாத்தியா."

"ஆமாம்மா," என்றேன்.

"நம்ம ஊருல நல்லாத்தானே அடிச்சாரு," என்றாள். பந்தை மடியில் வைத்து முடிந்துகொண்டாள். மடி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அப்படியே குனிந்து, விட்ட இடத்திலிருந்து களை பறிக்கத் தொடங்கினாள்.